நாலு அடி ஏழு அங்குலம்

நான் பொய் சொல்கிறவன்தான். முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் இது சத்தியமாக நடந்தது. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றிலிருந்து நாலு மணிக்குள். பேய் வருவதற்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது?

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில், மேட்டின்மேல் ஒரு தீப்பெட்டி அறை. மேசை, கறுப்புத் தொலைபேசி, பதிவேடு. கீழே படித்துறையில் அளவுகோல். மலையிலிருந்து இறங்கும் ஆறு பழுப்பு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் முரடன். சமவெளியில் சுற்றி வருவது பச்சை, அது சாது. இரண்டும் கூடிய பிறகும் ஒரு மைல் தூரத்துக்குப் புதுச் சம்பந்திகள் மாதிரி ஒட்டாமல்தான் ஓடும். நடுவில் கோடு போட்டாற்போல் தெரியும்.

மலையில் முரடன் பொங்கினால் இங்கே வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். அதனால் மேல் நிலையத்தில் இருக்கும் ஒல்லி, மணிக்கு ஒரு தடவை எனக்குப் போனில் அளவு சொல்ல வேண்டும். நான் அதைப் படகுத்துறைக்குச் சொல்ல வேண்டும். சட்டம் அப்படி. நடப்பு வேறு. எங்கள் தொழிலில் 'வீட்டு அளவு' என்று ஒன்று உண்டு. ஆற்றுப் பக்கமே போகாமல், வீட்டில் காலை நீட்டியபடி, நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதுவது. அந்தக் கலையில் நான் சக்கரவர்த்தி.

அன்று மட்டும் நிஜமாகவே அறையில் இருந்தேன். மகளும் மருமகனும் படகில் போக வந்திருந்தார்கள். படகுத்துறை என் மனைவியின் தம்பியுடையது. கோடையில் ஆற்று நடுவே பெரிய மணல்திட்டு வெளியே தெரியும். கூட்டம் கூட்டமாகப் போய் இறங்கிப் பந்து விளையாடுவார்கள், குளிப்பார்கள். அன்று ஏழு படகு போயிருந்தது. ஏழாவதில் என் மகள்.

மணி ஒன்று. போன் அடித்தது. ஒல்லி என்றைக்கும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் கூப்பிடுவான்.

"தம்பி, எழுதிக்கோ. நாலு அடி ஏழு அங்குலம்."

அவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். அதோடு, அடிக்கணக்கை விட்டு மீட்டருக்கு மாறி இருபது வருடம் ஆகிவிட்டது.

"என்னடா, குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?"

"சளி."

வைத்துவிட்டான். நான் சிரித்துக்கொண்டேன். போன வாரம்தான் அவன் குடைக்குள் கால் கிலோ மாவைக் கொட்டி வைத்திருந்தேன். பயல் பழி வாங்குகிறான்.

மணி இரண்டு. டாண் என்று அடித்தது.

"நாலு அடி ஏழு அங்குலம்."

பின்னால் ஒரு சத்தம். ளொக்... ளொக்... பானையில் தண்ணீர் அலம்புகிற மாதிரி. ரிசீவரை வைத்தேன். காது ஈரமாக இருந்தது. வேர்வை என்று துடைத்தேன்.

வேர்வையில் மண் இருக்குமா?

மணி மூன்று.

"நாலு அடி... ஏழு அங்குலம்... தம்பி."

அப்போதுதான் எனக்குள் மணி அடித்தது. மூன்று தடவையும் ஒரே எண். நிஜமான ஆறு அப்படிச் சொல்லவே சொல்லாது. ஒரு விரற்கடையாவது ஏறும், இறங்கும். மூன்று தடவை ஒரே எண் என்றால் அது வீட்டு அளவு. திருடனுக்குத் தெரியாதா திருடன் கால்தடம்?

இவன் ஆற்றைப் பார்க்காமலே சொல்கிறான்!

படித்துறைக்கு ஓடினேன். அளவு ஏறவில்லை. ஆனால் நடுவிலிருந்த கோடு... நகர்ந்திருந்தது. பழுப்பு பச்சையைத் தின்றுகொண்டிருந்தது.

படகுத்துறைக்குப் பறந்தேன்.

"டேய், சங்கை ஊது! எல்லாரையும் கரைக்குக் கூப்பிடு!"

"ஏன் மாமா, தண்ணி ஏறிடுச்சா?"

"ஏறல. அதான் சந்தேகமா இருக்கு."

"வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா? நீங்க ஆத்தை நேர்ல பார்த்தே ஆறு வருஷமாச்சு!"

"உன் அக்கா மக அங்க இருக்கா. ஊதுடா!"

சிரிப்பு நின்றது. ஊதினான். மணி 3.12.

ஒன்று வந்தது. இரண்டு... ஐந்து... ஆறு.

ஏழாவது எங்கே?

3.29. வந்தது.

"என்னப்பா, இப்பத்தான் குளிக்கவே இறங்கினோம்..." என்று மகள் சிணுங்கினாள்.

3.34.

முதலில் சத்தம். பிறகு தண்ணீர். ஏழு மாடி உயரம்! சரி, சரி... ஒரு ஆள் உயரம்.

மணல்திட்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

நாலு மணி. அறையில் போன் அடித்தது. ஒல்லியைக் கிழி கிழியென்று கிழிக்கத்தான் எடுத்தேன்.

"எத்தனை படகு?"

"ஏழும் கரையில, பாவி!"

ளொக்... ளொக்...

"எழுதிக்கிறேன், தம்பி."

மாலை 6.20. ஒரு லாரியிலிருந்து ஒல்லி இறங்கினான். தலை முதல் கால் வரை சேறு.

"அண்ணே! பன்னெண்டே முக்காலுக்கே தண்ணி பொங்கிடுச்சு. அப்பலேர்ந்து உங்களுக்கு அடிச்சிக்கிட்டே இருந்தேன். எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு! யாருகூட அப்படிப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"உன்கூடத்தாண்டா. நாலு மணிக்குக்கூட..."

"நாலு மணிக்கா? ரெண்டு மணிக்கே எங்க போன் கம்பம் ஆத்தோட போயிடுச்சுண்ணே."

என் கை தானாகப் போய்க் காதைத் துடைத்தது.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, பழைய பதிவேடுகளைக் கழித்துக் கட்டச் சொன்னார்கள். மேல் நிலையத்தின் பதிவேடு ஒன்று கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பத்தெட்டு வருடம் முந்தையது. அதே மாதம், அதே தேதியைப் புரட்டினேன்.

ஒரு மணி: நாலு அடி ஏழு அங்குலம்.

இரண்டு மணி: நாலு அடி ஏழு அங்குலம்.

மூன்று மணி: நாலு அடி ஏழு அங்குலம்.

நாலு மணிக் கட்டத்தில் அளவு இல்லை. அதே சாய்ந்த கையெழுத்து. அதே வெளிறிய மை.

'ஏழு படகும் கரையில்.'

அதன் கீழே அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்:

'பொய். ஒரு படகும் திரும்பவில்லை. இதை எழுதியவரையும் காணவில்லை.'