மகளின் முதல் ஆல்பமும் என் இடது காலும்

சாமி கடல் தாண்டாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவன், ஒழுங்காக வரி கட்டுகிறவன், ஆனாலும் மனதுக்குள் இப்படி ஒரு நினைப்பு. ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் நிற்கிற எங்கள் குடும்பத்துச் சுடலைமாடனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விசாவுக்காகக் கைரேகை வைத்துவிட்டு வரிசையில் காத்திருக்கிற பொறுமையும் அவருக்குக் கிடையாது. ஆகவே இங்கே நான் பத்திரம். பல வருடம் இந்தத் தைரியத்தில்தான் தூங்கினேன்.

அதை முதலில் அசைத்துப் பார்த்தது எங்கள் வீட்டு வாஷிங் மெஷின். இந்த ஊரில் அது அடுக்களைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நாம் ஒருபக்கம் சாம்பார் வைக்க, அது ஒருபக்கம் கால்சட்டை துவைக்கும். துணி பிழிகிற கடைசிச் சுற்றில் அது அதிர ஆரம்பித்தால், அந்த அடி அப்படியே எங்கள் கோயில் கொடைத் திருவிழாவில் அடிக்கிற மகுடம் என்ற தோல்கொட்டின் அடி. என் இடது கெண்டைக்கால் துடிக்கும். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் மழையில் பனியனோடு நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேற்றைக்கு இது தேவலை, இல்லையா?" என்றார். வானிலையைச் சொல்கிறார். இவர்கள் நல்லவர்கள். ஒருவன் வாசலில் எந்தக் கோலத்தில் நின்றாலும் வானத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

கெண்டைக்கால் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா வாழைக்காய் மண்டியில் எடை போடுகிறவர். வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் கோயில் கொடை அன்று மத்தியானம், நெருப்பில் காய்ச்சிய மகுடத்தை இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடிக்க ஆரம்பித்தால், முதலில் அவருடைய இடது கெண்டைக்கால் துள்ளும், வலைக்குள் விழுந்த மீன் மாதிரி. அப்புறம் அவர் எங்கள் அப்பா இல்லை. மண்டி முதலாளி அவர் காலில் விழுவார். மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா, கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்பார். அப்பா அதட்டிப் பதில் சொல்லுவார். எல்லாம் முடிந்து இளநீர் குடித்தபின் எங்களைப் பார்த்து, "சாப்ட்டியளாலே?" என்பார். ஆடியது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. எனக்கு அதுதான் பயம். அந்த நேரத்தில் எங்கள் அப்பா எங்கே போயிருந்தார்?

அவர் இறந்து, அடுத்து வந்த கொடையில் கூட்டத்தோடு நின்றேன். மகுடம் அடித்தது. என் இடது கெண்டைக்கால் துள்ளியது. பக்கத்தில் நின்ற பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏ, மூத்தவன்மேல எறங்கிட்டாருவே!" என்று கத்தினார். நான் வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தவன்தான். தோட்டம் தாண்டி ஏரல், ஏரல் தாண்டி துபாய், துபாய் தாண்டி லீட்ஸ். ஊரில் என்னைப் பிழைக்கப் போனவன் என்கிறார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர். அதற்குப் பிறகு அங்கே யார்மேலும் சாமி இறங்கவில்லை. ஒவ்வொரு கொடைக்கும் சாமியாடிக்கென்று கட்டுகிற மாலை, போட ஆளில்லாமல் பீடத்திலேயே கிடந்து வாடுகிறது. தம்பி முத்து போனில் சொல்லுவான்: "இந்த வருசமும் மால அங்கனதாம்ணே கெடக்கு." நான் உடனே அங்கே வெயில் எப்படி என்று கேட்பேன். இங்கிலாந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

இப்போது மகள். பேச்சி என்று என் அம்மாவின் பேர்தான். இங்கே வாயில் நுழையட்டுமே, பவி என்று சுருக்கிக்கொள்ளேன் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. காப்பிக் கடையில் வேலை, மற்ற நேரம் கித்தாரும் பாட்டும். பாட்டு அவளே எழுதுவாள். ஃபோக், சோல் என்பார்கள் அந்த வகையை. சோல் என்றால் என்னவென்று ஒருநாள் தெரியாமல் கேட்டுவிட்டேன். "அது உள்ளேருந்து வருததுப்பா. வந்துட்டா நம்ம கையில ஒண்ணும் கெடையாது" என்றாள். இதே வார்த்தையைத்தான் ஊரிலும் சொல்லுவார்கள்.

போன வருடம் அவள் தனியாக ஊருக்குப் போய், கொடையில் மகுடம் அடித்ததைச் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய முதல் ஆல்பம் 'ஆத்துக்கு அங்கிட்டு'. அதன் முதல் பாட்டே அந்த அடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு தயாரானதும் ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குக் காதுவலி என்றேன். அடுத்தமுறை டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன். அதற்கடுத்த முறை கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒருநாள் ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:

"எப்பா, நேராச் சொல்லுங்க. நா மேடையேறிப் பாடுதது ஒங்களுக்குக் கேவலமா இருக்கோ?"

"சீ, என்ன பேச்சு தாயி இது!"

"அப்ப வெளியீட்டுக்கு வாங்க. வரலன்னா இனி ஒங்ககிட்டப் பாட்டப் பத்தியே பேச மாட்டேன்."

சொன்னால் செய்வாள். என் அம்மாவின் பேர் சும்மா வைத்ததா? போகாவிட்டால் மகள் இல்லை. போனால், அவள் வாழ்க்கையின் முதல் மேடைக்கு முன்னால், பேருந்து டிரைவரின் கறுப்புக் கால்சட்டையோடு, நாக்கைத் துருத்திக்கொண்டு நான் குதிக்கப் போகிறேன். வெள்ளைக்காரர்கள் மத்தியில் நின்று பலிக்குச் சேவல் கேட்கப் போகிறேன். பேச்சி என்ற பாடகியைப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது; சேவல் கேட்ட தகப்பனைத்தான் இருக்கும்.

மனைவி செல்வியிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னேன். விரதம் இருக்கிற உடம்பில்தானே சாமி இறங்கும்? எனவே விரதத்தை அடியோடு முறித்துவிடுவது. அந்த வாரம் முழுக்கக் கோழி, ஆடு, இரண்டு பீர், கொல்லையில் நின்று ஒரு சுருட்டு. செல்வி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுடலைக்குப் படையல் என்ன?"

"கறி, சாராயம், சுருட்டு."

"அப்போ இப்ப நீங்க வெரதத்த முறிக்கியளா, அவருக்குப் படையல் போடுதியளா?"

சுருட்டு வாயிலிருந்து விழுந்தது. வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பான், அந்தச் சிரிப்பில் பயம் கொஞ்சம் கரையும் என்று பார்த்தால், அவன் சிரிக்கவே இல்லை.

"எண்ணே, வந்தாருன்னா ஒடனே எனக்குச் சொல்லிரு."

"ஏலே, வந்தா எனக்கே தெரியாதுலே."

"மைனியச் சொல்லச் சொல்லு. இங்கன நாங்க வருசா வருசம் கொட்டிக் கூப்புடுதோம், அவரு வரல. அங்கனயாவது இருக்காருன்னு தெரிஞ்சாப் போதும்ணே."

அதற்கப்புறம் எனக்கு வந்தது வேறு பயம்: அவர் இங்கேயும் வராவிட்டால்? அதை வைத்து நகைச்சுவை பண்ண எனக்குத் தெரியவில்லை.

வெளியீடு நடந்த மண்டபம் ஒரு பழைய தேவாலயம். சாமி காலி செய்துவிட்டுப் போன இடத்தில் இப்போது கச்சேரி நடத்துகிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் சுள்ளென்று அடித்தது. இந்த நாட்டுக் கோடை அப்படி. வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள் என்னைப் பார்த்ததும், "யூ ஆல்ரைட், லவ்?" என்றாள். அது இங்கே வணக்கம் மாதிரி என்று எனக்குத் தெரியும். பேருந்தில் தினமும் கேட்கிறேன். ஆனால் அன்றைக்கு, முகத்திலேயே தெரிந்துவிட்டதோ என்று பதறி, "இதுவரைக்கும் ஒன்றும் வரவில்லை" என்றேன். அப்படியே காவலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, நான் ஆட ஆரம்பித்தால் வெளியே தூக்கிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றும்படி கேட்டுக்கொண்டேன். தாடிக்கார மனிதர், என் தோளில் தட்டினார். "எல்லாரும் ஆடத்தான் வந்திருக்கிறார்கள், மேட். சும்மா ஆடு."

செல்வி முன்வரிசைக்குப் போய்விட்டாள். நான் கதவோரம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தேன். பேச்சி மேடைக்கு வந்தாள். மைக்குக்கு முன்னால் நின்று, இந்தத் தாளம் தாமிரபரணி என்ற ஆற்றங்கரையில், தன் அப்பாவின் ஊரில் பிடித்தது என்றாள். "அப்பா இன்னும் இதைக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கப் போகிறார்." மொத்த மண்டபமும் திரும்பி எனக்குக் கைதட்டியது. ஓடுவதற்குப் பக்கத்தில் வாழைத்தோட்டமும் இல்லை.

மகுடம் அடித்தது. அத்தனை பெரிய ஒலிபெருக்கியில், என் அப்பா நின்ற மண்ணில் அடித்த அதே அடி. அதன் மேலே என் மகளின் குரல் பைய ஏறியது. இங்கிலீசில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. நான் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலைப் பார்த்தேன். அப்போது பக்கத்தில் இருந்த நரைத்த தலை அம்மாள் எழுந்தாள். கண்ணை மூடினாள், இரண்டு கையையும் மேலே தூக்கினாள், உடம்பு குலுங்கியது. போச்சு, சாமி விலாசம் தப்பிப் போய்விட்டார்! யார்மேல் வந்தாலும் இன்னார் என்று கேட்கவேண்டும், விழாமல் பிடிக்கவேண்டும், அதுதான் எங்கள் முறை. ஓடிப்போய்க் கையைக் கட்டி நின்று, பயபக்தியோடு ஆங்கிலத்தில் கேட்டேன்:

"வந்திருப்பது யார்?"

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "ஷீலா, லவ். நீ?"

சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். காவலாளி ஆடினார். டிக்கெட் கிழிக்கிற அம்மாள் ஆடினாள். முன்வரிசையில் செல்வி தோளை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் கெண்டைக்கால் சும்மா இருந்தது. வாஷிங் மெஷினுக்குத் துடித்த கால், இங்கே வாடகைக்கு எடுத்த கால் மாதிரி நின்றது. ஷூதான் தடுக்கிறதோ என்று குனிந்து இடதுகால் ஷூவையும் உறையையும் கழற்றினேன். கல்தரை சில்லென்றிருந்தது. பாதத்தை அழுத்தி ஊன்றிக்கொண்டு, 'எய்யா, வாரும். சேவல் வேணும்னாலும் கேளும், மானம் போனாப் போவட்டும். தம்பி காத்துக்கிட்டிருக்கான். வாரும்' என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டேனா, சாமியைக் கூப்பிட்டேனா, தெரியவில்லை. பேச்சியின் குரல் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. மகுடம் ஓய்ந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

இடைவேளையில் அவள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எப்பா, அழுதியளா? எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு தாயி. ரொம்ப நல்லாருந்துச்சு."

"ஒத்தக் கால் ஷூ எங்க?"

"புழுக்கமா இருந்துச்சு" என்றேன். அவள் சந்தோஷத்தில் இருந்தாள், நம்பிவிட்டாள்.

வெளியே படிக்கட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் இருந்தது. வலதுகாலில் ஷூ, இடதுகால் வெறுங்கால். ஊரில் எல்லோரும் தூங்குகிற நேரம், ஆனால் முதல் மணியிலேயே முத்து எடுத்துவிட்டான்.

"வந்தாராண்ணே?"

அங்கே வெயில் எப்படி என்று நான் கேட்கவில்லை.

"இல்லலே. வரல" என்றேன்.