பெரிய நூலகத்தில் பதினொரு கிணறுகள்

அந்தச் சனிக்கிழமை மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகும் காலை ரயிலில் ஏறியபோது என் பையில் இருந்தவை: டிரேசிங் துணி ஒரு சுருள், கோட்டுப் பேனா இரண்டு, கறுப்பு மைப்புட்டி, அரை பிளேடு, சாக்பீஸ் தூள் ஒரு பொட்டலம், மை ஒற்றும் தாள் நான்கு, தயிர்சாதம்.

வரைவாளர் பயிற்சி முடித்து, மண்டபத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டிரேசராக, வரைபடத்தின் மேல் கண்ணாடிபோன்ற துணியை விரித்துப் பிரதி எடுப்பவளாக, சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தற்காலிக வேலைதான். கடற்கரைக் கிராமங்களின் பழைய வரைபடம் ஒன்றை எங்கள் அலுவலகத்தில் கரையான் தின்றுவிட்டது. அதன் இன்னொரு பிரதி ராமநாதபுரத்துப் பெரிய நூலகத்தில் இருந்தது. குடிநீர்த் திட்டத்துக்கு அது உடனே வேண்டும். “இந்த ஷீட்டப் பாத்துட்டுத்தாம்மா உன்ன வச்சுக்கிறதா வேண்டாமான்னு மேல எழுதப்போறேன்” என்று பொறியாளர் மறைக்காமலே சொல்லியிருந்தார்.

நூலகர் வரைபடத்தைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் கொண்டுவந்து, பெண்கள் பகுதியின் கறுப்பு மேசையில் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு கனமான புத்தகங்களை வைத்தார். தலைப்பைப் பார்க்கவில்லை, கையில் எடை பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். பிறகு என் மைப்புட்டியை எடுத்துக்கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வைத்தார்.

“மை அங்கனதான் இருக்கும். வேணுங்கிறப்ப எந்திரிச்சுப் போய்த் தொட்டுக்க.”

மேசையிலிருந்து ஜன்னலுக்கு நான்கு எட்டு. பேனாவை நனைக்கப் போகும்போதெல்லாம் வெளியே வேப்பமரமும், வெயிலில் அசையாமல் நின்ற ஒரு குதிரைவண்டியும் தெரிந்தன. திரும்பி வந்தால் கடற்கரை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. யாரோ எங்கோ பக்கம் புரட்டும் சத்தம், கரைக்கு வந்து திரும்பும் சிறிய அலைபோல் கேட்டது. மணிக்கட்டின் கீழ் மை ஒற்றும் தாளை வைத்துக்கொண்டு, வியர்வை படாமல் தெற்கிலிருந்து வடக்கே போனேன். மாரியூரிலிருந்து புறப்பட்டுப் பகலெல்லாம் ஒரு தோணியில் கரையோரமாகவே மிதந்து போவதுபோல் இருந்தது. உப்பளம், பனங்காடு, ஓடைவாய், கோயில், பள்ளிவாசல். சின்ன வட்டம் என்றால் கிணறு. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கண்ணுக்குத் தெரிவதை வரை, யோசிக்காதே என்பது. அன்று அது எனக்குச் சுகமாக இருந்தது. பசித்ததுகூட நினைவில்லை.

என் எதிரே வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மாமியாரை வைத்தியருக்குக் காட்ட அழைத்து வரும் நாட்களில் அவரை உறவினர் வீட்டில் உட்காரவைத்துவிட்டு இங்கே வந்துவிடுவாராம். மூன்று மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, என் துணியை எட்டிப் பார்த்தார்.

“இது எந்த ஊரு தங்கச்சி?”

“தேவிபட்டினம்க்கா.”

“எங்க ஊராச்சே! இந்த வட்டமெல்லாம் என்ன?”

“கெணறு.”

அவர் விரலால் தொடாமல் எண்ணினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அல்லாவே, பதினோரு கெணறா? அப்பறம் எதுக்கு வண்டிக்காரன் மூணு மைல் போயி எங்களுக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்துறான்? இந்தா, இது எங்க பள்ளிவாசலுக்குப் பின்னாடி. அங்கன மணலுதான் கெடக்கு. நீயா தோண்டிவிட்டியா?”

“மேப்புல இருக்குக்கா.”

“மேப்புல இருந்தா தண்ணி வந்துருமா?”

துணியை விலக்கினேன். வரைபடத்தின் மூலையைத் தூக்கியதும் நூலகர் ஓடிவந்தார். “ஏம்மா, தூக்காத, கிழிஞ்சிரும்!”

“ஒரே ஒரு தடவ சார். வெளிச்சத்துல பாக்கணும்.”

அவரே ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். ஜன்னலுக்கு நேரே பிடித்ததும் தேவிபட்டினத்தில் நான்கு கிணறுகள் வழியாக வெயில் வந்தது. பூச்சி அரித்த ஓட்டைகள். கறுப்பு மேசைமேல் விரித்திருந்தபோது மேசையின் நிறம் அவற்றுக்குள் தெரிந்து, வட்டங்களாகவே இருந்திருக்கின்றன. கடற்கரை முழுக்கத் தேடினோம். மொத்தம் ஒன்பது ஓட்டை. பகலில் நட்சத்திரம் பார்ப்பதுபோல் அந்தப் பெண்தான் ஒவ்வொன்றையும் காட்டினார், நான் குறித்துக்கொண்டேன்.

துணியில் நான் வரைந்திருந்த அந்த ஒன்பது வட்டங்களையும் பிளேடால் சுரண்டி, தூள் தேய்த்துச் சமன் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. அவர் கிளம்பும் முன், தேவிபட்டினத்தில் மிச்சமிருந்த ஏழில் ஒன்றைக் காட்டி, “இது நெசந்தான். ஆனா உப்பு. மாடுகூட மூந்து பாத்துட்டுப் போயிரும்” என்றார்.

வரைபடத்தில் உப்பு என்று இல்லை. மூலத்தில் இல்லாத ஓர் எழுத்தை டிரேசர் சேர்க்கக்கூடாது. மூன்று முறை பென்சிலை எடுத்து வைத்தேன். கடைசியில் அந்தக் கிணற்றின் ஓரத்தில், அழிக்க வசதியாக, ‘உப்புநீர்’ என்று மெலிதாக எழுதினேன்.

திங்கட்கிழமை பொறியாளர் துணியை விளக்கின் முன் சாய்த்துப் பார்த்தார். சுரண்டிய இடங்கள் பளபளத்தன. ஒன்பது ஓட்டைகளையும் சொன்னேன். அவர் விரல் பென்சில் எழுத்தில் நின்றது.

“இது மேப்புல இருந்துச்சா?”

“இல்ல சார். அந்த ஊர்க்காரங்க ஒருத்தங்க நூலகத்துல சொன்னாங்க.”

“டிரேசருக்கு இது வேல இல்ல.”

“ஆமா சார்.”

அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, என் எழுத்தின் மேலேயே ‘உப்புநீர்’ என்று அழுத்தி எழுதினார்.

“மத்த ஊரையும் அந்தம்மாட்ட கேட்டியா?”

“ரயிலுக்கு நேரமாயிருச்சு சார்.”

“அப்ப வர்ற சனிக்கிழமையும் போ” என்றார். “இனிமே ரயில் செலவ ஆபீஸ்ல வாங்கிக்க.”