மூணாவது மருமகனோட வாட்சு

அடுத்தவுக வாட்சுக்குச் சாவி குடுத்து வயித்தக் கழுவுனவன் நான். சொல்லப்போறது அம்புட்டும் நெசம். ஒரு சொல்லு பொய்யின்னாலும், சேதுக்கரையில முங்கயில என் நாக்க நண்டு கவ்வட்டும். அடுத்தவுக பொருளுக்குக் காவக் கெடக்குற மக்களே, ஒங்களுக்குத்தேன் இது வெளங்கும்.

தகரப் பொட்டி

கீழக்கரையில மொதலாளி வீடு. அவுகளுக்குக் கொழும்புல கடை, வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைக. கொழும்புலருந்து வாரப்பல்லாம் ஒரு வாட்சு வரும். பிஸ்கோத்துத் தகரப் பொட்டியில பஞ்சு விரிச்சு ஆறு வாட்சு வச்சிருந்தாக. நாலு அவுக மாத்தி மாத்திக் கட்டிக்க. அதுல ஒண்ணு வெள்ளிக்கெழம தொழுகைக்குன்னே. மிச்சம் ரெண்டும் இனிமே வரப்போற மருமகன்களுக்கு. மூணாவது மருமகனுக்கு இன்னும் வாங்கணுமாம். அந்தப் புள்ளைக்கு அப்பப் பாவாடை கட்டுற வயசு! உப்புக்காத்துல சும்மா கெடந்தா உள்ள எண்ணெ இறுகிரும்னு, தெனம் காலையில நான் ஆறுக்கும் சாவி குடுக்கணும்.

"இருக்குறது ஒரே நேரம், அதுக்கு எதுக்கு மொதலாளி இத்தன வாட்சு"ன்னேன் ஒருநா. சிரிக்காமச் சொன்னாக: "நேரம் ஒண்ணுதாம்ல. மருமகன் மூணு பேருல்ல?"

சாவி வேணாங்குற வாட்சு

மூணாவது மருமகனுக்குன்னு வந்துச்சே ஒண்ணு, அதுக்குச் சாவியே வேணாமாம். ஆட்டோமேட்டிக்கு. கையில கட்டித் திரிஞ்சா தானா ஓடும், கழட்டிப் போட்டா ரெண்டு நாளுல நின்னுரும். "நீ கட்டிக்கிட்டுக் கடக்கர வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாலே"ன்னுட்டாக. அன்னையிலருந்து அதுதேன் என் உத்தியோகம். சட்டையில கிழிசல், கையில கொழும்பு வாட்சு. மீனு வாங்க வந்தவுகள்லாம் மணி கேப்பாக. ரெண்டாப்பு படிச்சவனுக்கு அதுல மணி பாக்க எங்க தெரியும்? சூரியனப் பாத்துக்கிட்டு, வாட்சப் பாத்துச் சொல்லுவேன்.

பெருமையா என் பொண்டாட்டிக்கிட்டக் கைய நீட்டுனேன். அவ சொன்னா: "வாட்சு கட்டி என்னய்யா, வீட்டுக்கு வார நேரம் மட்டும் மாறலியே!"

பஞ்சு மட்டும்

மூத்த ரெண்டு புள்ளைக்கும் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாட்சும் போயிருச்சு. அது நல்ல போக்கு. அப்பறம் கொழும்புக் கடை படுத்துருச்சு. அங்க போக வர கவருமெண்டுல பாசு, விசான்னு ஆயிரம் காகிதம் கேட்டாக. மொதலாளி தன்னோட வாட்சுகள ஒண்ணொண்ணா வித்தாக. வெள்ளிக்கெழம வாட்சையும் வித்த அந்த வாரம், வெறுங்கையோட பள்ளிவாசலுக்குப் போனாக. வழி நெடுக சட்டைக் கைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே போனாக.

மூணாவது புள்ளைக்கு வரன் ஒண்ணும் அமையல, வயசு ஏறுது. பொட்டியில அந்த ஒத்த வாட்சும் பஞ்சுந்தேன். "இதையும் குடுத்துருவமா மொதலாளி"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். "அது என் வாட்சு இல்லலே. வாரவுக வாட்சு."

கையில ஒரு தடம்

ஆறு வருசம் நான் நடந்தப்பறம் ஒரு வரன் வந்துச்சு. வாட்சுக்குப் புது வாரு போட்டு, கண்ணாடிய மொதலாளியே துண்டால தொடச்சு வச்சாக. மாப்புளயோட மாமா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஒருத்தரும் கட்டுனதில்ல. மாப்புளைக்குன்னே வச்சது"ன்னாக மொதலாளி. அவுக பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதரந்தேன்.

அந்நேரம் பாத்து நான் சர்பத்துத் தட்ட நீட்டுனேன். வெயில்ல கருத்த கை. மணிக்கட்டுல மட்டும் வெளுப்பா ஒரு பட்டை, நடுவுல வட்டமா ஒரு தடம். அவரு என் கையப் பிடிச்சு, வாட்ச அந்தத் தடத்து மேல வச்சாரு. அளவு அச்சா இருந்துச்சு. சர்பத்தத் தொடாம எந்திரிச்சாரு. "வேலையாள் கழட்டிப் போட்டதையா எங்க புள்ள கட்டணும்?"

மறுநா

மொதலாளி என்னைய ஏசல. ஏசியிருந்தா வயிறாரச் சோறு தின்னிருப்பேன். பாய்ல வாட்ச வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாக. கட்டிக்கிட்டு நடன்னும் சொல்லல, வேணாமுன்னும் சொல்லல. நான் தலையக் குனிஞ்சு நிக்கிறேன்.

கதவுக்குப் பின்னாலருந்து கடைசிப் புள்ள வந்து, குனிஞ்சு அத எடுத்துச்சு. என் உத்தியோகமும் அத்தோட போச்சு. "நிக்காம ஓட ஒரு கைதானே வேணும் வாப்பா? எங் கை சும்மாதானே இருக்கு."

ஒரு வாட்ச நிக்காமப் பாத்துக்கிட்டு ஒரு கல்யாணத்த நிப்பாட்டுனவன் இந்தக் கரையில நான் ஒருத்தந்தேன். சிரிச்சுக்கிட்டே கேட்டவுக ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுங்க, சிரிக்காமக் கேட்டவுக வடையும் சேத்து!