தாய்மாமன் மடியில் ஒரு புருவம்

மெல்போர்னில் என் மகள் யாழினிக்கு மூக்கின் நடுவில் வளையம் குத்தியவருக்கு நெற்றியில் இரண்டு கொம்புகள் இருந்தன. ஒட்டியவை அல்ல, தோலைக் கீறி, உள்ளே சிலிக்கான் வைத்துத் தைத்தவை. நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. ஊசியை எடுக்குமுன் அவர் கேட்டது, "இருவரும் சாப்பிட்டீர்களா?" என்றுதான். வெறும் வயிற்றில் பார்ப்பவர்களுக்குக்கூட மயக்கம் வருமாம். பதினைந்து வருடமாக அந்த ஊரில் இருக்கிறேன். என்னை அப்படிக் கேட்ட முதல் உள்ளூர்க்காரர் அவர். பிறகு, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் சம்மதம் தேவையில்லை என்று பணிவாகச் சொல்லி என்னை வெளியே உட்காரவைத்தார்.

விடுமுறைக்குத் தேனிப் பக்கம் என் சொந்த ஊரான சின்னமனூர் வந்தோம். வழியெல்லாம் இளைஞர்களின் தலைகளைக் கவனித்தேன். செய்தித்தாளில் வேலை பார்த்த பழக்கம் போகாது. நீல முடி, நடுவில் வெட்டுவிட்ட புருவம், பின்மண்டையில் மழித்த மின்னல், கிழித்தே விற்ற பேண்ட். மெல்போர்னில் ஓவியர்கள் வசிக்கும் தெருவில் திரிவதெல்லாம் மார்க்கையன்கோட்டை டீக்கடை வாசலில் நின்றது. ஒரே வித்தியாசம்: அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இங்கே பார்க்காவிட்டால் அவர்களுக்கு வருத்தம்.

அதனால் மூக்கு வளையத்தைப் பற்றி நான் பயப்படவில்லை. நாங்கள் தங்கியது என் அண்ணன் வீட்டில். வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வளையத்தைச் சரியாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. யாரு மடியில உக்காந்து குத்துன?"

"சேர்ல, மாமா. குத்துனவருக்கு நெத்தியில ரெண்டு கொம்பு!"

அண்ணன் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். யாழினிக்கு ஒரு வயதில் குச்சனூர் கோயிலில் குத்தினோம். அண்ணன் மேளத்தோடு சீர்த்தட்டுகள் கொண்டுவந்தார். அவள் வீறிட்டு அவருடைய புது வேட்டியை நனைத்தாள். பந்தியிலும் அதே ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். மாற்றச் சொன்னவர்களை முறைத்தார்.

"அண்ணே, அது காதுக்குத்தானே?" என்று வாதாடிப் பார்த்தேன்.

"ஓட்டைன்னா ஓட்டைதான். காதுக்கு நான், மூக்குக்குக் கொம்பு வச்ச ஆளா? நாளைக்கு ஊருல கேட்டா, என்னத்தச் சொல்ல?"

அதன்பின் அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. யாழினிக்கு இருப்பது இந்த ஒரே மாமன். பேசாமலேயே விமானம் ஏறவேண்டி வந்துவிடுமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மண்டிக்கே போய் அவர்முன் நின்றாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, இன்னொண்ணு குத்திக்கிறேன். புருவத்துல. உங்க மடியில."

"ஒரு ஓட்டைக்கே இந்தப் பாடு, இன்னொண்ணாடி?" என்று கத்தியது நான்தான்.

"நீ சும்மா இரு. கேக்குறது எம் மருமக."

தேனி கடைவீதியில், மாடியில் இருந்தது அந்த டாட்டூ கடை. கழுத்தில் சிறுத்தை வரைந்த இளைஞர் கதவைத் திறந்தார். எதிரே சலவை வேட்டியில் அண்ணன், கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், பட்டுச் சேலை.

"கல்யாண மண்டபம் அடுத்த தெருவுண்ணே."

"தெரியும்லே. புருவம் குத்து."

சாய்வு நாற்காலியில் அண்ணன் ஏறி அமர்ந்தார். யாழினி மடியில் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. "தாரு சுமந்த ஒடம்புதான். இருந்தாலும் கனம்தான் ஆத்தா நீ" என்றார். ஊசி இறங்கியபோது அவள் அசையவில்லை. "மெதுவாலே!" என்று அலறியது மாமன். கீழே இறங்கியதும் எங்களோடு உட்கார்ந்து புரோட்டா தின்றார். அவள் இலையில் சால்னாவை அவரே ஊற்றினார்.

மெல்போர்ன் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் இயந்திரத்துக்கு அவள் முகம் பிடிபடவில்லை. அதிகாரி ஒருவர் வந்து, முகத்தில் இருப்பவற்றைக் கழற்றச் சொன்னார். மூக்கு வளையத்தை உடனே கழற்றி என்னிடம் கொடுத்தாள். புருவத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"மதம் சார்ந்ததா?" அதிகாரி மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை. என் மாமா."

அப்படியும் ஒரு மதம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தலையசைத்து வழிவிட்டார். மூக்கு வெறுமையாக, புருவம் புடைத்தபடி அவள் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தாள். மெல்போர்ன் வளையம் என் உள்ளங்கையில் இருந்தது.