ஸ்டெல்லாவுக்கு நாம் கொடுத்த பொடிகள்

ஸ்டெல்லா இறந்த செய்தி, திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன்.

அவரை நீங்கள் அறிவீர்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறித் திருமழிசைக்கு வந்து, பதினோரு ஆண்டுகள் நம் பரிசோதனை மேசையில் பிரேக்கில் பொருத்தும் ரப்பர் வளையங்களைப் பார்த்துப் பிரித்தவர். ஒருமுறை அவசர லோடு ஒன்றைப் பார்க்காமலே ஏற்றச் சொன்னார் மேனேஜர். ஸ்டெல்லா ஒரு வளையத்தை எடுத்து விரலால் இழுத்தார். அறுந்தது. "வண்டி ஓட்றவன் ஊட்டுக்குப் போய்ச் சேர வாணாமா சார்?" என்றார். ஏற்றிய பெட்டிகளையெல்லாம் இறக்கினோம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு அசதி தொடங்கியது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். நாம் சும்மா இருக்கவில்லை. பேக்கிங் வசந்தா முருங்கைக்கீரை சூப் கொண்டுவந்தார். ஒருவர் கரிசலாங்கண்ணிப் பொடி, இன்னொருவர் நெல்லிக்காய் லேகியம். ஷிப்ட் பொறுப்பாளரான நான் அமுக்கரா சூரணம் ஒரு டப்பா கொடுத்து, பாலில் கலந்து குடிக்கச் சொன்னேன். என் மாமனார் இந்த வயதிலும் மைல் கணக்கில் நடப்பது அதனால்தான் என்று அளந்துவிட்டேன். ஸ்டெல்லா எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் குடித்தார்.

ஒரு நாள் என்னிடம் வந்தார். "உங்க பொடிய குடிச்சிகினுதான் கீறேன் சார். ஆனா காலீல எழுந்தா இந்தக் காலு என்னுதே இல்லாத மாரி கீது. நாளிக்கு லீவு குடுத்தீங்கன்னா ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வந்துடுவேன்."

"ஆடிட் முடியட்டும் ஸ்டெல்லா. அதுவரைக்கும் இன்னொரு டப்பா தர்றேன்" என்றேன்.

ஆடிட் தள்ளிப்போனது. லீவும் தள்ளிப்போனது. மூன்று முறை கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு காலையில் மேசையிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடலில் கட்டி, மாதக்கணக்கில் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நேற்று இரங்கல் கூட்டத்தில், "லீவே போடாத ஊழியர்" என்று அவரைப் பாராட்டினார் மேனேஜர். நாம் எல்லோரும் தலையாட்டினோம். லீவு சீட்டில் கையெழுத்துப் போடாத நானும் ஆட்டினேன்.

என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்னதுதான். "எல்லாரும் நல்ல மனசோடதான் குடுத்தீங்க சார். ஒருத்தராவது, போய் டாக்டராண்ட காட்டிட்டு வான்னு சொல்லியிருக்கலாம்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.