என் அறிக்கையில் இல்லாத படிகள்

துறைமுகத்தை அடுத்த தெருவில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்ணாடி அலுமாரியில் நான் எழுதிய மதிப்பீட்டறிக்கை ஒன்று இருக்கிறது. அந்நிறுவனத்தின் வலிமைகளும் குறைகளும் அதில் செவ்விய தமிழில் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. அதில் ஒரு வரி பொய். தவறுதலாக நேர்ந்தது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை, அறிந்தே எழுதினேன். அவ்வறிக்கை மட்டும் எஞ்சி நின்று சான்று கூறலாகாது என்பதற்காக இதனை எழுதிவைக்கிறேன்.

நடக்க இயலாதவர்களுக்கு உடற்பயிற்சி அளித்து, இயன்றவரை எழுந்து நிற்கச் செய்வதே அந்நிறுவனத்தின் பணி. இளைப்பாறிய தமிழாசிரியனான என்னை மதிப்பீட்டுக்கு அழைத்தவர் அதன் பணிப்பாளர்.

"வெளியாள் ஒருத்தர் எழுதினால்தான் ஐயா அதுக்கு ஒரு மதிப்பு. அதுவும் உங்கட தமிழிலை வந்தால், பிறகென்ன?" என்றார்.

புகழ்ச்சிக்கு இணங்கும் அகவையைக் கடந்துவிட்டேன் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

முதல் நாள் நான் கண்டவை வலிமைகளே. அவற்றை மறைப்பதும் பொய்யாகும். கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் வரும் பயிற்சியாளப் பெண்ணின் கைகளை இன்றும் நினைக்கிறேன். சம்பூரிலிருந்து கிழமைக்கு ஒருமுறை தன் தாயுடன் பேருந்தில் வரும் இளம்பெண் ஒருத்தியை அவர் இரு கம்பிகளுக்கிடையே நிறுத்தி, உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். அப்பெண்ணுக்குப் பிறவியிலேயே கால்கள் வலுவற்றவை. முதலில் பத்து எண்ணும் வரைக்கும் நில்லாதவள், அன்று நாற்பது வரை நின்றாள். நாற்பத்தொன்றில் சரிந்தபோது, "நாப்பத்தொண்டு எண்டே எழுதுங்க" என்று சிரித்தாள்.

"பொல்லாத ஆள் சேர் இவ, ஒண்டையும் விடமாட்டா" என்ற பயிற்சியாளர், பின்பு என்னை ஒதுக்கி அழைத்துச் சொன்னார்: "இப்ப விட்டா முழங்கால் திரும்ப மடங்கி இறுகிரும். பிறகு நிமித்த ஏலாது. ஒரு கிழமையும் தவறப்படாது."

அந்தப் பயிற்சி அறை மேல்தளத்தில் இருந்தது. தாய் தன் மகளை முதுகிற் சுமந்துகொண்டே படியேறி வந்திருந்தார். முன்னர் அவ்வறை கீழ்த்தளத்தில்தான் இருந்ததாம். ஏன் மாற்றினீர்கள் என்று பணிப்பாளரைக் கேட்டேன்.

"மேலை கடற்காத்து நல்லாய் வரும் ஐயா. நோயாளியளுக்கு நல்லதுதானே."

அவர் போன பின்பு பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தினார். "காத்துமில்லை, ஒண்டுமில்லை சேர். வெளிநாட்டுக்காரங்க பார்க்க வந்த அண்டைக்கு எண்ணெய் மணமும் வேர்வை மணமும் அடிச்சிட்டுதாம். அதுக்குத்தான் இவங்களை மேல ஏத்தினது."

இறங்கி வந்து கீழ்த்தளத்தைப் பார்த்தேன். வருகையாளர் கூடம் என்று பெயரிட்டிருந்தார்கள். குளிரூட்டியும் மெத்தையிட்ட கதிரைகளும் இருந்தன; நறுமணத் திரவம் ஒன்றையும் தெளித்திருந்தார்கள். அலுமாரி நிறையக் கேடயங்கள். சுவரில், பயன்பெற்றோரின் பெரிய நிழற்படங்கள். நடுவிலிருந்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் அந்தச் சம்பூர்ப் பெண்ணேதான். படத்துக்கு மணம் இல்லை என்பதால் அதற்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைத்திருந்தது. அக்கூடத்தை அருவருத்தேன். ஆயினும் அங்கே ஊற்றித் தந்த குளிர்பானத்தை நான் முழுவதும் குடித்தேன், அதையும் பதிந்துவிடுகிறேன்.

மறுகிழமை மதிப்பீட்டுக் கூட்டம். பயனாளிகளையும் அவர்களுடன் வரும் பெண்களையும் வட்டமாக அமர்த்தி, வலிமைக்குப் பச்சை அட்டை, குறைக்குச் சிவப்பு அட்டை என்று பயிற்சியாளர் பகிர்ந்தளித்தார். இத்தகைய கூட்டங்கள் பலவற்றை எத்தனையோ நிறுவனங்களில் கண்டு தேறியவர்கள் அப்பெண்கள்.

"சிவப்பிலை எத்தினை வேணும் பிள்ளை?" என்று அவர்களில் மூத்தவர் ஒருவர் பயிற்சியாளரைக் கேட்டார்.

"மூண்டு போதும் மாமி."

"அப்ப வாகனம் காணாது, இடம் காணாது, பயிற்சிச் சாமான் காணாது எண்டு எழுது. போனமுறை வேற ஒரு இடத்திலை வாகனம் காணாதெண்டு எழுதினனாங்கள், அவைக்குப் புதுசு வந்தது."

"உங்களை அதிலை ஏத்தினவையோ?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"ஏத்தினவை. அடுத்த கூட்டத்துக்கு."

எல்லாரும் சிரித்தார்கள்; பணிப்பாளரும் சிரித்தார். கேட்டால் எதையேனும் பெற்றுத்தரும் குறைகளே அங்கே குறைகளாக ஏற்கப்படும் என்பது அவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

சம்பூர்த் தாய் மட்டும் சிரிக்கவில்லை. தன் அட்டையில் எழுதும்படி பயிற்சியாளரிடம் சொன்னார்: "என்ர பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவத்திரண்டு படி ஏற எனக்கு இனி ஏலாது. பழையபடி கீழை ஒரு அறை தாங்கோ."

பணிப்பாளர் முகம் சுருங்கியது. "அம்மா, படி இல்லாத கட்டடம் எங்கை இருக்கு? உங்களுக்கு முழங்கால் நோ. அது எங்கட குறை இல்லையே, உங்கட குறையெல்லோ?"

"ஓம், முழங்கால் என்ரதான். படி உங்கட."

பணிப்பாளர் என் பக்கம் திரும்பி, "இதை ஐயா ஒரு முறையாய்ப் போடுவார்" என்றார்.

நான் முறையாகவே போட்டேன். மூன்று நாள் உழைத்து, பிறமொழிச் சொல் ஒன்றும் கலவாமல் எழுதிய அறிக்கையில், பயனாளர் தரப்புக் குறைபாடுகள் என்னும் பகுதியில் அத்தாயின் வாய்மொழி இவ்வாறு உருமாறியது: "மேற்றளத்தை அணுகும் ஆற்றல் பயனாளர் சிலரிடம் குன்றியுள்ளது." அதில் படியும் இல்லை, முதுகும் இல்லை, கீழ்த்தளத்து அறையும் இல்லை. எழுதி முடித்ததும் அவ்வரியை இருமுறை வாய்விட்டுப் படித்து அதன் ஓசையை நான் மெச்சிக்கொண்டது உண்மை. மணத்தை ஒளித்தவர்களைக் கண்டு அருவருத்த நானும் அதே வேலையைத்தான் செய்திருந்தேன். அவர்கள் தெளித்தது நறுமணத் திரவம். நான் தெளித்தது தமிழ்.

வெளியீட்டு விழா கீழ்த்தளத்துக் கூடத்தில் நடந்தது. அன்று அந்தப் பெண்ணுக்குக் கீழே இடம் இருந்தது. புதுச் சேலை உடுத்தி, சக்கர நாற்காலியில் அமர்த்தி, விருந்தினர் கையிலிருந்து அறிக்கையின் முதற்படியை அவளே பெறுமாறு செய்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் தாய் பணிப்பாளரை அணுகி, "இண்டைக்கு மட்டும் இதிலையே பயிற்சியைச் செய்யலாமோ?" என்று கேட்டார்.

"தேநீர் குடுக்கப்போகினம் அம்மா. பயிற்சி மேலைதான்."

தாய் மகளைத் தூக்கினார். படிப்பக்கம் போகவில்லை, வாயிலைக் கடந்து தெருவில் இறங்கினார். வாயிலருகே குப்பைத் தொட்டியில் கூட்டத்து அட்டைகள் கிடந்தன. இந்நகரத் தெருக்களில் மாடுகளைப் போல் திரியும் மான்களில் ஒன்று அவற்றைக் கிளறி, ஒரு சிவப்பு அட்டையை மென்றுகொண்டிருந்தது.

அதற்குப் பின் அவர்கள் வரவில்லை என்று இரு திங்கள் கழித்துப் பயிற்சியாளர் எனக்குச் சொன்னார். அவருடன் நானும் பேருந்தேறிச் சம்பூருக்குப் போனேன். பாயில் படுத்திருந்தவளின் கால்களைப் பயிற்சியாளர் மெல்ல நீட்டிப் பார்த்தார். முழங்கால்கள் பாதியில் நின்றுவிட்டன. இம்முறை அவர் உரக்க எண்ணவில்லை.

"ஐயா, அண்டைக்குத் தந்த புத்தகத்திலை நான் சொன்னது எங்கை கிடக்கு?" என்று தாய் கேட்டார். அந்த அறிக்கையைப் பொலித்தீன் உறையிலிட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். நான் பக்கத்தைத் திருப்பி வரியைக் காட்டிப் படித்தேன்.

"இது ஆரைப் பற்றின கதை?"

"உங்களைப் பற்றித்தான்."

"எனக்கு ஆற்றல் இல்லையாமோ?" என்று கேட்டுவிட்டு, "படி எத்தினை எண்டாவது எழுதியிருக்கலாம் ஐயா" என்றார்.

ஊர் திரும்பியதும் பணிப்பாளரைக் கண்டு, அவ்வரியை நீக்கித் திருத்தம் வெளியிடும்படி கேட்டேன். "அச்சாகிப் போச்சே ஐயா. அடுத்த மதிப்பீட்டிலை பாப்பம்" என்றார். அடுத்த மதிப்பீடு வரும்வரை ஒரு முழங்கால் காத்திருக்குமா என்று கேட்டேன். அவருடைய தொலைபேசி ஒலித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆதலால் நான் தரக்கூடிய திருத்தம் இதுவொன்றே. மேல்தளத்துக்குப் படிகள் இருபத்திரண்டு. அன்று அங்கிருந்து புறப்படுமுன் நான் ஏறி எண்ணினேன். எனக்கு இருபத்தொன்றே வந்தது. வாயிற்படியையும் அத்தாய் சேர்த்திருக்கக்கூடும். சுமந்து ஏறியவர் அவராதலால் அவர் கணக்கையே கொண்டேன். கூட்டத்தில் யார் எதைச் சொன்னார் என்பதிலும், நாட்களின் முன்பின் வரிசையிலும் என் நினைவு பிசகியிருக்கலாம். அங்கே இருந்தவர்களோ, அப்படிகளில் ஏறியவர்களோ பிழை காணின் எனக்கு அறிவிக்க வேண்டுகிறேன். இம்முறை சொன்னவர் சொன்ன சொல்லிலேயே திருத்திக்கொள்வேன்.