சரவெடி இல்லாத தெருவுக்குக் கேரல் கிடையாதா?

கேரல் கமிட்டிச் செயலாளரே, அந்தத் தெருவை நீங்கள் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டீர்கள்.

எங்கள் சபையில் டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ். வேன், மைக், டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா... வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். வாசலில் வண்டி நின்றதும் முதலில் ஒரு சரம் வெடிக்கும். பட்டாசுச் சீமை அல்லவா? வெடிச் சத்தம் கேட்காவிட்டால் இங்கே பிள்ளை பிறந்ததையே நம்ப மாட்டார்கள்!

இந்த வருடம் என் பேரப்பிள்ளைகளோடு குடில் வைக்க உட்கார்ந்தேன். எஸ்தருக்கு எட்டு வயது, சாமுக்கு ஐந்து. கிறிஸ்துமஸ் என்றால் கேக்கும் புதுச்சட்டையும் மட்டுமல்ல என்று சொல்லிவிட வேண்டும். சத்திரத்தில் இடமில்லை, தொழுவத்தில் பிள்ளை... ராஜாவை விட்டுவிட்டு, வயலில் நைட் ஷிப்ட் பார்த்த மேய்ப்பர்களுக்குத்தான் தேவதூதன் முதலில் சொன்னான் என்றேன்.

எஸ்தர் கையிலிருந்த ஆட்டுக்குட்டிப் பொம்மையைக் கீழே வைத்தாள்.

"அப்பம் ஜெனி வீட்டுக்கு மட்டும் ஏன் தாத்தா கேரல் வரல? ரெண்டு வருசமா ஸ்டார் கட்டிட்டுக் காத்துக் கெடக்காக."

ஜெனி அவளோடு சண்டே ஸ்கூலில் படிப்பவள். அவள் அம்மா செல்வராணிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீடு தாயில்பட்டிப் பக்கம், கம்பெனிகளை ஒட்டிய தெருவில்.

செயலாளருக்குப் போன் போட்டேன்.

"அங்கன வெடி போடக் கூடாதுல்ல அண்ணாச்சி! மருந்து இருக்குற எடம். வெடி இல்லாமப் போயி நின்னா கேரல் களை கட்டுமா?"

"வெடி செய்றவகளுக்கு வெடி இல்லைன்னா, இயேசுவும் இல்லையாவே?"

"கோவப்படாதீக... அடுத்த வருசம் பாப்பம்."

பார்ப்பாராம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. எஸ்தர்தான், "அப்பம் நாம போவமே தாத்தா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோ பிடித்தோம். எங்கள் பிரிண்டிங் பிரஸ்ஸில் மிஞ்சிய காலண்டர் அட்டையில் சாமுக்குத் தேவதூதன் இறக்கை. மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச். டிரம்முக்குப் பதில் பிஸ்கட் டப்பா. எனக்கு அறுபத்தெட்டு வயது — ஆட்டோவில் அதிகம் கத்திப் பாடியது நான்தான்!

தெருமுனையில் இறங்கியதுதான் தாமதம், இரண்டும் ஓட்டம் பிடித்தன. பின்னால் நான் மூச்சிரைக்க.

செல்வராணி அப்போதுதான் கம்பெனி வேனில் வந்து இறங்கியிருந்தாள். கையெல்லாம் வெள்ளி நிற மருந்து. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எந்தக் கம்பெனில? அவுகளுக்கு என்னாச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவுக்கு ஆள் ஓடி வந்தால் ஒரே செய்திதான்... விபத்து. அவள் கணவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சாம் முந்திக்கொண்டான். சொல்லிக்கொடுத்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"பயந்துராதீக அத்தை! ஒண்ணும் ஆகல! இயேசு பொறந்துட்டாரு! ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்ல வந்தோம்!"

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவிப் பயலே, உசுரே போயிருச்சுலே..." என்று சிரித்தாள், அழுதாள். "இரு, கை களுவிட்டு வாரேன்" என்று எழுந்தவளைச் சாம் விடவில்லை. கட்டிக்கொண்டான். இறக்கையெல்லாம் வெள்ளி.

அந்த மேய்ப்பர் கதையை எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன். தேவதூதன் ஏன் எடுத்த எடுப்பில் பயப்பட வேண்டாம் என்கிறான் என்று யோசித்ததே இல்லை. தினமும் பயத்தோடு வேலைக்குப் போகிறவர்களிடம் வேறு எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

அப்புறம் பாடினோம் பாருங்கள்! டப்பாவை ஜெனி பிடுங்கிக்கொண்டாள். பக்கத்து வீடு, எதிர்வீடு, சாமி கும்பிடுகிற வீடு, எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கைதட்டலில் டப்பாச் சத்தமே கேட்கவில்லை. ஒரு பொட்டு வெடி கிடையாது!

கிளம்பும்போது செல்வராணி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சபையில இருந்து அனுப்பிச்சாகளா ஐயா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்லவும் வரவில்லை. ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

செயலாளரே, அவள் கேட்டது என்னை அல்ல, உங்களை. போனில் என்னிடம் சமாதானம் சொல்ல வேண்டாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிற மைக்கைப் பிடியுங்கள். சபை முழுக்கக் கேட்கும்படி, செல்வராணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் — அந்தத் தெருவுக்கு வருவீர்களா, மாட்டீர்களா?